உரிக்காதே, புதுசு!

கேமரன் மலைப் பிரிஞ்சாங்கில் எவர்சில்வர் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மழை. இன்னொன்று பெற்ற தாய்.

மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் குடியிருந்துகொண்டு, துவைத்த துணி ஏன் காயவில்லை என்று கேட்பது நியாயமாகாது. அம்மா விஷயம் வேறு. ஊரிலுள்ள ஸ்டீம்போட் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மேசை, சிங்க், புகைக்கூண்டு எல்லாம் செய்து கொடுக்கிற பட்டறை என்னுடையது. பட்டறையில் நாள் முழுக்க நான் உரித்துத் தள்ளுகிற ஒரு பொருளை, வீட்டில் தொடக்கூட எனக்கு அனுமதி இல்லை.

புதுத் தகட்டின் மேல், புது ஐஸ் பெட்டியின் கைப்பிடி மேல், அடுப்பின் முகப்பில், அலுமினிய ஜன்னல் சட்டத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வருமே ஒரு பிளாஸ்டிக், அதைத்தான் சொல்கிறேன்.

அதன் அருமை எனக்குத் தெரியாமலில்லை. ஈப்போவில் லோரி ஏறுகிற தகடு சிம்பாங் பூலாய் வழியாக, கம்போங் ராஜாவைத் தாண்டி, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துத் தகட்டோடு உரசிக்கொண்டு வந்து சேர்கிறது. நாலடிக்கு எட்டடித் தகடு. கண்ணாடி மாதிரி பளபளக்கிற ரகத்தில் ஒரு மணல் துகள் இழுத்துவிட்டாலும் போயிற்று. அந்தக் கோட்டை லேசில் அழிக்க முடியாது. அதற்குத்தான் இந்தப் பாலிஎதிலீன் ஏடு. கனம் 50 முதல் 100 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிமன். ஒரு பக்கம் மட்டும் லேசான பசை. தகட்டை வெட்டும்போதும், மடிப்பு மெஷினில் கொடுத்து மடிக்கும்போதும் அடியெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். வெல்டிங் வைக்கிற ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உரித்து மடக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கருகி நாறும், பற்றும் கெட்டுப்போகும்.

எங்கள் பட்டறையில் அதற்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அளவு, கணக்கு, கடைக்காரரின் போன் நம்பர், மத்தியானம் யாருக்கு என்ன சாப்பாடு என்பது வரை மார்க்கர் பேனாவால் அதன் மேல்தான் எழுதுவோம். வேலை முடிந்து உரிக்கும்போது ஒரு மேசையின் முழு வரலாறும் சரசரவென்று சுருண்டு கையோடு வந்துவிடும். அடியில் தகடு, இப்போதுதான் பிறந்தது போல மினுங்கும். என் தொழிலில் எனக்குப் பிடித்த நிமிஷம் அதுதான்.

இந்த ஏட்டின் பெருமையே அதன் பசையில் இருக்கிறது. ஒட்டுவது பெரிய காரியமில்லை. பலாப்பழத்துப் பாலே ஒட்டும். ஒட்டிவிட்டு, சொன்ன நேரத்தில் தடமில்லாமல் விலகத் தெரிய வேண்டும். மனிதர்களுக்கே கைவராத வித்தை. 1925-ல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் இதற்காக மெனக்கெட்டார். கார்களுக்கு இரண்டு வர்ணம் அடிப்பது அப்போது நாகரிகம். ஒரு வர்ணத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தை உரித்தால், காகிதத்தோடு வர்ணமும் கிளம்பி வந்துவிடும். ட்ரூ கண்டுபிடித்த டேப் வர்ணத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்தது. அதே கம்பெனியில் 1968-ல் ஸ்பென்சர் சில்வர் என்பவர் பலமான பசை செய்யப் போய், எதிலும் கெட்டியாக ஒட்டாத ஒரு பசையோடு திரும்பினார். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டமாக இருந்தால் அன்றைக்கே ஆளை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சோப்ளாங்கிப் பசைதான் 1980-ல் போஸ்ட்-இட் சீட்டாகி உலகத்தின் ஆபீஸ் சுவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டது.

பசைக்கு மேலே இருக்கிற பாலிஎதிலீன் பிறந்தது 1933-ல், இங்கிலாந்தில், ஒரு சோதனை தவறிப்போனதால். கேமரன் மலையில் போ தேயிலைக்காரர்கள் தொடங்கியது 1929. பாரத் தோட்டம் தொடங்கியது அதே 1933. தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் அந்தப் பிளாஸ்டிக் நிரந்தரமாகக் குடிவரப் போகிறது என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

நிரந்தரம் என்கிற இடத்தில்தான் சிக்கல். பட்டறையிலிருந்து வீடு வரைக்குமான துணை இந்த ஏடு. வீடு வந்ததும் அதன் வேலை முடிந்தது. பல ஏடுகளில், பொருத்தியதும் அகற்றிவிடவும் என்று அச்சடித்தே அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, சீனத்தில் இருக்கிறது. தமிழில் இல்லை. ஆகையால் அந்த உத்தரவு நம்மைக் கட்டுப்படுத்தாது.

இது நம்மவர் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஸ்டீம்போட் கடைச் சீனத் தவுக்கே, மேசை போட்டு முடித்து நான் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனபோது, பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "பாஸ், இருக்கட்டும், கடை திறக்கிற அன்னைக்கு எடுத்துக்கலாம்." கடை திறந்தது. சீனப் பெருநாள் வந்தது, போனது. அடுப்புப் பக்கத்து ஏடு சூட்டில் இளகிச் சுருங்கி, தகட்டோடு தகடாக ஐக்கியமாகிவிட்டது. இப்போது அவர் எனக்குப் போன் செய்து, நான் மட்டமான தகடு போட்டுவிட்டதாகச் சொல்கிறார். அடுக்குமாடி லிஃப்டுகளைப் பாருங்கள்: மக்கள் குடிவந்து, பிள்ளை பெற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் சுவரில் பிளாஸ்டிக் தொங்கும். கார் இருக்கையில் அந்த உறையோடு உட்கார்ந்து தாப்பா வளைவுகளில் இறங்கியவர்களுக்குத் தெரியும்; ஒவ்வொரு திருப்பத்திலும் மாமாவும் அத்தையும் வழுக்கி, சம்பந்திகள் மேல் போய் விழுவார்கள். குடும்பம் ஒட்டி உறவாடியது அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு ஓர் உறை. அந்த உறை கிழியாமலிருக்க ரப்பர் பேண்டு. ரைஸ் குக்கரின் பொத்தான்களுக்கு மேலே ஒரு ஏடு. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாத அளவுக்கு மஞ்சள் பூத்துவிட்டது. ஆனாலும் அம்மாவுக்குக் கணக்கு, மேலிருந்து மூன்றாவது சோறு, நாலாவது கஞ்சி. ஐஸ் பெட்டிதான் ராஜா. கைப்பிடியில் ஏடு, கதவின் குறுக்கே ஓடும் வெள்ளிப் பட்டையில் ஏடு, தலைக்கு மேலே குரோஷா துணி. ஏட்டின் ஓரம் சுருண்டு, அந்தச் சுருளுக்குள் ஒரு கரிய கோடாக அழுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஈரத்துணியால் அந்தப் பிளாஸ்டிக்கைத் துடைத்துக் காயவைப்பார். ஐஸ் பெட்டியைக் காக்கப் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கைக் காக்க அம்மா.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒருநாள் விஞ்ஞானம் பேசிப் பார்த்தேன்.

"அம்மா, எவர்சில்வர் துருப்பிடிக்காம இருக்கிறதுக்குக் காரணமே அதுக்குத் தானா ஒரு மேல்தோல் வர்றதுதான். அதுல குரோமியம் இருக்கு. காத்துப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் கட்டிக்கும். கீறினாலும் தானே மறுபடி வளர்ந்துக்கும். நம்ம வீட்டுச் சட்டியில 18/8-னு அடிச்சிருக்குல்ல, அந்தப் பதினெட்டுதான் குரோமியம்."

"சரி."

"அது வளரக் காத்து வேணும். நீங்க மேல பிளாஸ்டிக்கை ஒட்டிவச்சா ஈரம் உள்ள போய் மாட்டிக்கும், காத்து போகாது. அப்புறம் துருப்பிடிக்காத தகடுகூடத் துருப்பிடிக்கும். இந்த ஊர் ஈரத்துக்குச் சொல்லவே வேணாம். நாளாக ஆகப் பசையும் இறுகிடும். ஆறு மாசத்துக்குள்ள எடுத்துடணும்னுதான் செஞ்சவங்களே சொல்றாங்க."

அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "தானே தோல் வளர்ற சாமானுக்கு எதுக்குப்பா கம்பெனிக்காரன் பிளாஸ்டிக் ஒட்டி அனுப்புறான்? அவன் என்ன முட்டாளா?" என்றார்.

பதில் இருந்தது. ஆனால் அதற்குள் அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

இன்னொரு தடவை வேறு பக்கமாக வந்தேன். 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், காற்றில்லாத பெட்டிக்குள் சாதாரண ஒட்டு டேப்பை உரித்தபோது எக்ஸ்ரே கிளம்பியது; அந்த எக்ஸ்ரேயில் ஒரு விரலின் எலும்பைப் படமே பிடித்துவிட்டார்கள் என்று வியந்து சொன்னேன். உரிப்பதில் எவ்வளவு அதிசயம் இருக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான். அம்மாவின் முகம் மாறியது.

"அதுக்குத்தானே தலைதலையா அடிச்சுக்கிறேன், உரிக்காதே உரிக்காதேன்னு!"

அன்றிலிருந்து அம்மாவின் கட்சிக்கு விஞ்ஞான ஆதாரமும் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று. யோசித்துப் பார்த்தால் அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் லயத்தில் வளர்ந்தவர்கள். வீடு தோட்டத்தினுடையது. சுவர், கூரை, வாசல் சாக்கடை எல்லாம் கம்பெனிச் சொத்து. அப்பா ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலரில் நின்றவரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆணி அடிக்கக்கூடக் கிராணியை நினைத்துக்கொண்டு அடித்த வீட்டில், எங்களுடையது என்று சொல்ல இருந்தது தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்கள்தான். தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டி ஒன்றை அப்பா கொண்டு வந்திருந்தார். அந்தக் காலத்தில் உள்ளே பளபளவென்று உலோகத்தாள் ஒட்டி வரும், கப்பலில் போகும் தேயிலைக்கு ஈரமும் நாற்றமும் ஏறாமலிருக்க. எங்கள் பிறப்புச் சூரத்து, அம்மாவின் கல்யாணப் புடவை எல்லாம் அதற்குள். உள்தாளை ஒருவரும் கிழித்ததில்லை. பயணத்தில் இருக்கும் வரைக்கும் உறையைப் பிரிக்கக்கூடாது என்பது பொட்டலம் கட்டத் தெரிந்த யாருக்கும் தெரிந்த விதி. எங்கள் சாமான்கள் எல்லாம் எப்போதும் பயணத்தில்தான் இருந்தன. பட்டறையில் நான் படித்த பாடத்தின்படியே, அம்மா செய்தது நூற்றுக்கு நூறு சரி.

சரி, அப்படியானால் சொந்த வீடு வந்ததும் உரித்திருக்க வேண்டுமே? பிரிஞ்சாங் டவுனுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாங்கினேன். சொந்தப் பத்திரம், சொந்தச் சாக்கடை. பால் காய்ச்சிய அன்றே கேட்டேன். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், நாலு பேர் வந்து போற வீடு." கல்யாணம் முடிந்தது. "பேரப்பிள்ளைங்க தவழ்ற வயசு, கை வைக்கும்." பேரப்பிள்ளைகள் வளர்ந்து இப்போது கையில் போன் வைத்திருக்கிறார்கள், போனின் முகத்தில் கண்ணாடி ஏடு. "பார், அவனுக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இல்லையே."

கடைசியில் ஐஸ் பெட்டியே தன் முடிவைத் தேடிக்கொண்டது. கம்ப்ரசர் நின்றுவிட்டது. இந்தக் குளிர் ஊரில் அது நின்றுபோனதே எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. பழைய இரும்பு எடுக்கிறவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வருகிற காலையில், நான் பல்கூட விளக்கவில்லை, அம்மா கூப்பிட்டார்.

"அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துடுப்பா. வர்றவன் பார்க்கட்டும், எவ்வளவு சுத்தமா வச்சிருந்தோம்னு."

குளிரில் இறுகிய பசை லேசில் விடாது. இழுத்தால் வாழைநார் மாதிரி கீற்றுக் கீற்றாகப் பிய்ந்து வரும். என் மனைவியின் தலை உலர்த்தும் மெஷினை வைத்துச் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, அவசரப்படாமல் சாய்வாக இழுத்தேன். மிச்சப் பிசுபிசுப்புக்குச் சமையல் எண்ணெய். ஓரங்களில் மட்டும் பழுப்புக் கறை. மற்றபடி கைப்பிடியும் பட்டையும் கடையில் நின்ற அன்றைய பளபளப்போடு வெளியே வந்தன. அந்தக் கைப்பிடியின் உண்மையான நிறத்தை எங்கள் வீட்டில் அன்றுதான் எல்லாரும் முதல்முறையாகப் பார்த்தோம்.

பழைய இரும்புக்காரர் லோரியில் வந்து இறங்கினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

"தம்பி, பாருங்க, ஒரு கீறல் இருக்கா? புதுசு மாதிரி இருக்கு. ஒரு இருபது வெள்ளி சேர்த்துப் போட்டுக் குடுங்க."

அவர் கைப்பிடியைப் பார்க்கவே இல்லை. தராசைத்தான் இறக்கினார். "அம்மா, நாங்க கிலோ கணக்குலதான் எடுக்கிறோம்."

அம்மா திரும்பி, என் கையில் சுருண்டு கிடந்த பிளாஸ்டிக்கை ஒரு பார்வை பார்த்தார். அதையும் சேர்த்து நிறுத்திருக்கலாமே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.