கொத்மலையில் ஹொக்கி மட்டை வாங்குவது எப்படி?

முதலில் பள்ளிக்கூட அலுமாரியைத் திறந்து உள்ளே எத்தனை மட்டை கிடக்கிறதென்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்றென்றால் உங்கள் தெரிவு முடிந்தது. மீதியைப் பொது அறிவுக்காக வாசிக்கலாம்.

1. நீளம்: பெரியவர்கள் வழக்கமாகப் பிடிப்பது 36.5 அங்குல மட்டை. நேராக நின்று பக்கத்தில் ஊன்றினால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும் என்பார்கள். மலைச்சரிவில் கிடக்கும் நம் மைதானத்தில் நேராக நிற்பதே பெரிய காரியம். பந்து காலுக்கு மேல்பக்கம் கிடந்தால் அதே மட்டை நீளம். கீழ்ப்பக்கம் கிடந்தால் கட்டை. நடுத்தரமாக ஒன்றை வாங்கிக்கொண்டு, குனியப் பழகுங்கள்.

2. பாரம்: சட்டம் 737 கிராம் வரை அனுமதிக்கிறது. பாரமான மட்டை அடிக்கு நல்லது, இலேசானது திருப்புவதற்கு நல்லது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவின் கையில் கொடுத்து, "பாரமாம்மா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் மட்டையைப் பற்றி இருக்காது.

3. வளைவு: நமக்குத் தெரிந்த கம்பு மட்டக் கம்பு. தேயிலை மேல் போட்டு, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை எடுப்போம். அது நேராக இருந்தால் போதும். ஹொக்கி மட்டையின் உடல் வளையலாம், ஆனால் 25 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. சுற்றிய டேப்போடு மட்டை முழுவதும் 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வரவும் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டங்குலம். தங்கச்சியின் வளையலில் சோதிக்கலாம். கண்ணாடி வளையல் வேண்டாம்.

4. கை: இடக்கைக்காரர்கள் கடையில் தேடி அலைய வேண்டாம். மட்டையின் இடப்பக்கம்தான் தட்டை, உலகத்துக்கே ஒரே அச்சு. உருண்ட முதுகால் பந்தைத் தொட்டால் பவுல். சோற்றுக்கை எதுவானாலும் மட்டை வலக்கை மட்டைதான்.

5. மரமா, காபனா? ஜலந்தரிலும் சியால்கோட்டிலும் முசுக்கொட்டை மரத்தை ஆவியில் வளைத்து மட்டை செய்து பேர் வாங்கினார்கள். தென்மேல் பருவ மழையில் மரம் தண்ணீர் குடிக்கும், காபன் குடிக்காது. ஆகவே காபன் நல்லது. விலையை ரூபாயில் பார்க்காமல் தோட்டத்து 'பேர்' கணக்கில், அதாவது முழு நாள் சம்பளக் கணக்கில், பாருங்கள்: இத்தனை நாள் பேர் விழுந்தால் ஒரு மட்டை. கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்த நாட்களைக் கழித்துவிடுங்கள். கழித்தபின் கொய்யாக் கிளை மிஞ்சும். கவ்வாத்துக் கத்தியால் சீவினால் அதுவும் மட்டைதான்.

6. சோதனை ஓட்டம்: ஓங்கி ஒரு அடி அடியுங்கள். பந்து கோலுக்குப் போகாது, தேயிலைக்குள் போகும். தூருக்கடியில் நுழைத்து அட்டை ஏறுமுன் பந்தை இழுத்தெடுக்க முடிந்தால் அதுவே உத்தமமான மட்டை. எதற்கும் ஓர் அண்ணனைக் கீழ்த் தொங்கலில் நிறுத்துங்கள். அவருக்கும் கீழே 1985இல் திறந்த நீர்த்தேக்கம் இருக்கிறது.

கடைசியாக, என்றாவது போட்டிக்கு மாத்தளை போக நேர்ந்தால் பதறாதீர்கள். அங்கே செயற்கைப் புல். பந்து அடித்த திசையிலேயே போகும். அதற்காக மட்டையை மாற்ற வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் மைதானத்துக்கு வெளியே பந்துக்காகக் காத்துநிற்கும் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.