யாரோடும் பழகாமல் பட்டம் வாங்குவது எப்படி?

வாழ்த்துகள். கவுன்சலிங் முடிந்தது, சீட் கிடைத்தது, கல்விக் கடன் பாரத்தில் அப்பா கையெழுத்தும் போட்டுவிட்டார். இனி எட்டு செமஸ்டர்.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 28-ஐக் கொஞ்சம் தாண்டும். அதனால் உங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளை இருப்பார், டாக்டர் வீட்டுப் பிள்ளை இருப்பார், பரம்பரையிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவரும் இருப்பார். கொஞ்சம் அசந்தால் இவர்களோடு பழகிவிடுவீர்கள். பயம் வேண்டாம். கீழே சொன்னபடி நடந்தால் மார்க் ஷீட்டைத் தவிர வேறெதுவும் ஒட்டாமல் வெளியே வரலாம். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், மீதியைத் தேற்றிவிடுவோம்.

1. காலேஜ் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுங்கள். ஜன்னலோரம் உட்காருங்கள். பக்கத்து சீட்டில் பையை வையுங்கள். காதில் இயர்போன் இருக்கட்டும். பாட்டு ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, "ம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மாட்டிக்கொள்ளுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நான்கு வருடத்தில் ஒரு சிநேகிதம்கூட முளைக்காமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

2. ஹாஸ்டலா? அங்கே ஆபத்து அதிகம், ஆகவே பயிற்சியும் அதிகம். அறைக்கு வந்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: "எந்த ஊரு?" இது மரியாதை. இரண்டாவது: "ஊர்ல எந்தத் தெரு?" இது விசாரணை. மூன்றாவதைக் கேட்கவே வேண்டியிருக்காது, தெருப் பெயரிலேயே பதில் வந்திருக்கும். வந்த பதிலை வைத்து யாரோடு சாப்பிடப் போவது, யாரோடு படம் பார்க்கப் போவது என்று முதல் வாரமே பிரித்துக்கொண்டால் பிறகு குழப்பமே இல்லை. பள்ளி மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கொடுக்கட்டும். கயிறு இல்லாவிட்டால் என்ன, உங்களுக்குத்தான் தெரு இருக்கிறதே. பதினெட்டு வருடம் ஊரில் யாரோடு இருந்தீர்களோ, அதே ஆட்களை நானூறு கிலோமீட்டர் தள்ளி வந்தும் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்வது லேசான திறமை இல்லை. இதற்கு மட்டும் கிரெடிட் கொடுக்கிறார்கள் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

3. அம்மா கொடுத்தனுப்பிய தக்காளித் தொக்கை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிய பிறகு திறங்கள். மூடி சத்தம் போடும், போர்வைக்குள் வைத்துத் திருகவும். மூன்றாவது வாரம் மேலே வெள்ளையாகப் பூஞ்சை கட்டும். அப்போது "டேய், தொக்கு இருக்கு, சாப்பிடுறியா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

4. மெஸ் சாம்பாரைத் திட்டுங்கள், தினமும் திட்டுங்கள். ஆனால் மெஸ் கமிட்டியில் சேராதீர்கள். செலவை மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் ஹாஸ்டல்களில் கமிட்டிப் பையன்கள் விடியுமுன்னே மார்க்கெட்டுக்குப் போய் வருவார்கள். அங்கே கத்திரிக்காய்க்குப் பேரம் பேச வேண்டும். எண்ணெய் டின் எத்தனை நாள் வரும் என்று சமையல் மாஸ்டரிடம் கணக்குக் கேட்க வேண்டும், அதுவும் அவர் கோபித்துக்கொள்ளாதபடி. மெஸ் பில் ஏறினால் இருநூறு பேரின் வசவை வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே இருநூறு பேரோடு வரிசையில் நிற்க வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? மேனேஜ்மென்ட் பாடத்தில் பதின்மூன்று மார்க் கேள்விக்கு ஃபேயோலின் பதினான்கு கோட்பாடுகளை எழுதினால் போதாதா?

5. லேபில் ரோல் நம்பர்படி ஒரு ஆளை உங்களோடு சேர்த்துவிடுவார்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ரீடிங் எவ்வளவு வந்துச்சு?"

6. எதிர்பாலினத்தவரோடு பேசுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல கல்லூரிகள் இதைத் தாங்களே பொறுப்பெடுத்துக்கொண்டிருக்கின்றன. படிக்கட்டு வேறு, கேண்டீனில் பக்கம் வேறு, பேசினால் பைன். வேலைக்குப் போன முதல் நாளே ஒரு பெண் டீம் லீடர் உங்கள் எதிரில் உட்கார்ந்து கோடில் தப்புக் கண்டுபிடிப்பார். அன்றைக்கு வியர்க்கும் பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் டியூஷன் ஃபீஸ்.

7. நாட்டு நலப்பணித் திட்டத்தில் கண்டிப்பாகச் சேருங்கள், சர்டிபிகேட் உண்டு. காந்தி நூற்றாண்டில், 1969-ல், ஆரம்பித்த திட்டம் இது. வருடத்துக்கு 120 மணி நேர வேலை, அதுபோக ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாமில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பேனருக்குக் கீழே நடுவில் நில்லுங்கள். மண்வெட்டியை வாங்குங்கள், போட்டோ எடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். சீமைக் கருவேலம் வெட்டும் குழுவில் மாட்டிக்கொண்டால் முள் குத்திவிட்டது என்று சொல்லி உட்காருங்கள். அப்படியும் ஊர்ப் பாட்டி ஒருவர் மோர்ச் செம்போடு வந்து, "என்னய்யா படிக்கிறே?" என்று கேட்பார். பதிலை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் பேரனுக்கு எந்த குரூப் எடுக்கலாம் என்று ஆரம்பிப்பார், அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் ராத்திரி ஆகிவிடும். பள்ளிக்கூட வராந்தாவில் முப்பது பேர் வரிசையாகப் படுத்துக்கொண்டு விடிய விடியப் பேசுவார்கள். நீங்கள் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

8. கல்சுரல்ஸ், சிம்போசியம் எல்லாவற்றுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குங்கள். வாங்கிக்கொண்டு தூங்குங்கள். 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு அதுவும் சேரும்.

9. மாணவர் பேரவைத் தேர்தல் ஏன் நடப்பதில்லை என்று கேட்காதீர்கள். அந்தத் தேர்தலை நடத்துவது பற்றி லிங்டோ குழு தந்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-லேயே நடைமுறைப்படுத்தச் சொன்னது. அது உங்கள் ஹெச்ஓடிக்குத் தெரியும், நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம். கிளாஸ் ரெப்பை அவரே நியமிப்பார், அதிக மார்க் வாங்கியவரை. நின்று தோற்பது எப்படி இருக்கும், தோற்ற பிறகு ஜெயித்தவனோடு டீ குடிப்பது எப்படி என்ற தொல்லையெல்லாம் உங்களுக்கு வராது.

10. சீனியரைப் பார்த்தால் தலையைக் குனியுங்கள். ஜூனியரைப் பார்த்தால் நிமிர்த்துங்கள். இருவரிடமும் வேறு பேச்சு எதற்கு?

11. இனி வேலை விஷயம். மார்க் கிரானோவெட்டர் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். தெரிந்தவர் மூலமாக வேலை பிடித்தவர்களைத் தேடிப்போய், தகவல் சொன்ன ஆளை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். நெருங்கிய சிநேகிதனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கக்காரரிடமிருந்துதான் வரும் என்று 1973-ல் ஒரு கட்டுரையே எழுதினார். ஆகவே அரைகுறைப் பழக்கம் ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள். கேண்டீன் அண்ணனின் பெயர், லைப்ரரியில் தினமும் எதிரில் உட்காரும் சிவில் பையனின் பெயர், எதுவும் வேண்டாம். பேர்வெல் அன்று மட்டும் எல்லோர் சட்டையிலும் "மிஸ் யூ மச்சான்" என்று மார்க்கரில் எழுதிவிட்டு வாருங்கள்.

12. மூன்று வருடம் கழித்து கம்பெனியில் ஆட்குறைப்பு வரும். பதற்றப்படாமல் லிங்க்ட்இன்னைத் திறங்கள். நல்ல கம்பெனி ஒன்றில் உங்கள் கல்லூரிக்காரர் ஒருவர் இருப்பார். அதே பேட்ச், அதே செக்‌ஷன், ரோல் நம்பர் உங்களுக்கு அடுத்தது. எட்டு செமஸ்டரும் லேபில் ரீடிங் கொடுத்தவர் அவர்தான். கூச்சப்படாமல் எழுதுங்கள்: "மதிப்பிற்குரிய சார், வணக்கம். நானும் தங்கள் கல்லூரிதான். ஒரு ரெஃபரல் கிடைக்குமா?"

பதில் அன்றைக்கே வந்துவிடும். அவர் நல்ல மனிதர். "சாரி பிரதர், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"