நனைத்து அறுக்கவும்

ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரை நம் மண்ணில் தோண்டுவது ஆபத்து என்று மத்திய அரசுக்குத் தெரியும். 1986-லேயே புதிய சுரங்கக் குத்தகையை நிறுத்திவிட்டது. 1993-ல் பழைய குத்தகையைப் புதுப்பிப்பதும் நின்றது. ஆனால் ரஷ்யாவில் தோண்டிக் கப்பலில் வந்தால் ஆபத்தில்லை. சுங்கவரி கட்டியதும் நஞ்சு முறிந்துவிடும் போலிருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்த பொருள்; அதை உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்வது நாம்தான்.

கனடாக்காரர்கள் படு கெட்டி. தங்கள் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து அதைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்துக்கொண்டே நமக்கு விற்றார்கள். 2018-ல் தங்கள் நாட்டில் தடையே போட்டுவிட்டார்கள்.

கேட்டால், கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் பாதுகாப்பாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்து அறுக்க வேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். துடைப்பத்தால் கூட்டவே கூடாது. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கழிவைப் பையில் அடைத்து முத்திரையிட வேண்டும்.

எந்த ஊரில் என்று சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். நம் தெருவில் ஷீட் போட வருகிறவர் கட்டிங் மெஷினை வைத்தால் தெருவே வெள்ளை. முகக்கவசம், தோளில் கிடக்கும் துண்டு. பீடி பற்றவைக்கும்போது அதுவும் இறங்கிவிடும். தரையில் படிந்ததை வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவார். உடைந்த துண்டுகள் ரோட்டுப் பள்ளத்துக்கு. ஷீட் போட்டவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார்.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. நம் ஆளின் பெயர் இருப்பதோ மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில். சனிக்கிழமை கூலி கொடுத்ததும் அந்தப் பக்கம் கிழிந்துவிடும்.

நோய் தலைகாட்ட 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் மேஸ்திரி எங்கேயோ, நோட்டு எங்கேயோ. இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் காசநோய் மாத்திரை. அதுவும் கேட்காவிட்டால் பழி பீடிமேல். என்ன வேலை பார்த்தாய் என்று கேட்க ஆளில்லை. ஆக, கல்நாரால் இந்தியாவில் செத்தவர் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் ஆபத்தும் இல்லை. ஆபத்து இல்லாததால் அடுத்த கப்பல் வருகிறது.

தடை போடுங்கள். மனம் வரவில்லையா? அந்தப் பாதுகாப்பான ஷீட்டை முதலில் டெல்லியில், அமைச்சர் அறைக்கு மேலே போடுங்கள். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். கட்டிங் மெஷினை நாங்கள் கொண்டுவருகிறோம்.