ஒரு கொடாப்பு, ஒரு பெட்டி, ஊரெல்லாம் வாத்தியார்

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கோழி வாங்கக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து, "நாலு கோழி வாங்கி விடலாம்னு இருக்கேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். டீ ஆறுவதற்குள் என்ன இனம், எந்தக் கிழமை, கொடாப்பு எந்தத் திசை பார்க்க வேண்டும், உங்கள் தாத்தா காலத்தில் கீரி எத்தனை கோழியைத் தூக்கிப்போனது என்பது வரை எல்லாம் கிடைத்துவிடும். விழுப்புரம் மாவட்டத்து நம் தளவானூரில் கோழி வைத்திருப்பவர்களைவிடக் கோழி தெரிந்தவர்கள் அதிகம். தேனீ விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

இனம் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை அல்ல. கட்சிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தால் போதும். சிறுவிடைக் கட்சி, அது நன்றாக அடை காக்கும், குஞ்சை விட்டுக்கொடுக்காது என்று சொல்லும். உண்மைதான். பெருவிடைக் கட்சி எடையையும் சேவலின் நடையையும் பற்றிப் பேசும். முட்டை எத்தனை என்று கேட்டால் பேச்சை மாற்றும். கருங்கோழிக் கட்சியில் ஒருவர்தான் இருப்பார். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று ஆரம்பித்து, சர்க்கரை, மூட்டுவலி, இன்னும் வெளியில் சொல்ல முடியாத ஒன்று என எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாக்குவார். சென்னை நந்தனத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நந்தனம் கோழியைச் சிபாரிசு செய்பவர் அநேகமாக ஓய்வு பெற்ற அரசு ஊழியர். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் இடும், பண்ணை லெகார்ன் 300-ஐத் தொடும் என்று எண்களோடு வருபவரும் அவரே. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி வாருங்கள். ஆனால் "கோழியில என்ன இருக்கு, பெருசா பண்ணலாம் தம்பி" என்கிறவரிடமிருந்து மட்டும் மரியாதையாக விலகிவிட வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுவில் பணத்தைப் போட்டு இழந்தவர்களிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சேவல்காரர் பெருமை பேசினால் குறுக்கே பேசாதீர்கள். அவர் பக்கம் கல்லே சாட்சி. இதே விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு நட்ட நடுகல் இருக்கிறது. ஏறக்குறைய 1,500 வருஷப் பழசு, வட்டெழுத்தில் பொறித்தது. மனிதர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?

அடுத்தது கொடாப்பு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மூன்று கடவுளருக்குக் கோயில் எடுத்ததாக, பக்கத்து மண்டகப்பட்டில் கல்லில் எழுதி வைத்தவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். நம் ஊர் சத்ருமல்லேசுவரக் குடைவரையும் அவன் வேலைதான். நாலு கோழிக்கு வீடு கட்ட நமக்கு அந்த நான்குமே வேண்டும். போதாதற்கு பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் வேண்டும். திட்டத்தை வாத்தியார்கள் கையில் விட்டால் மாடி, ஜன்னல், தகரக் கூரை எல்லாம் வரும். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தின் கீழே கோழி அவியும். வீட்டிலிருக்கும் ஆயாவிடம் கேளுங்கள். பஞ்சாரம் ஒன்று, மண் சுவர், மேலே கீற்று, கீரி நுழையாத கதவு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதனாலேயே யாரும் அவரிடம் கேட்பதில்லை.

அடை வைப்பதுதான் ஊர்க்கல்வியின் உச்சம். முட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதில் எல்லாக் கட்சிகளும் ஒன்று. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்பதால் கூடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். வையுங்கள், ஒன்றும் குறையாது. ஆனால் முட்டை கெடுவதற்குப் பெரிய காரணம் இடி அல்ல. பத்து நாள் அடுப்பு மேடையில் கிடந்ததை அடைக்குக் கொண்டுவந்ததுதான். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே நரம்பு ஓடுவது தெரியும். ஓடாததை எடுத்துவிடலாம். இதை மட்டும் தனியாகச் செய்யுங்கள். ஊரைக் கூட்டினால் ஆளுக்கொரு முறை எடுத்துக் குலுக்க, 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்க வேண்டிய கூடையில் கோழி மட்டும் எழுந்து போகும்.

குஞ்சுக்குத் தீனி வாங்கக் கடைக்கு ஓடுமுன் ஒரு பழைய பானை தேடுங்கள். காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, கொஞ்சம் வைக்கோல் உள்ளே திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடமாகப் பார்த்து ராத்திரி கவிழ்த்து வைத்தால் விடிந்ததும் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் மொய்த்துத் தின்னும். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த உபதேசங்களில் ஒரு பைசா செலவில்லாமல் பலித்தது இது ஒன்றுதான்.

தடுப்பூசியைத் தவிர்க்க விரும்புவோர்க்கு வழிமுறை எளிது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்புமருந்து விடச் சொல்வார்கள், மறந்துவிடுங்கள். எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அன்றைக்கு உங்களுக்குக் கல்யாணம் இருக்கும். கால்நடைத் துறை வருஷா வருஷம் நடத்தும் முகாமுக்கு, "என் கோழிக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிப் போகாதிருங்கள். வெள்ளைக்கழிச்சல் வரும்போது ஒரு கோழியோடு நிற்காது, ஒரு தெருவோடும் நிற்காது. அப்போது கீழாநெல்லி, மிளகு, மஞ்சள், பூண்டு என்று அரைத்து உருட்டிக்கொண்டு பத்துப் பேர் வருவார்கள். கொடாப்பு காலியான பிறகும் உருண்டை மிச்சமிருக்கும்.

இனி தேனீ. "மலையிலேர்ந்து ஒரு கூட்டத்தப் பிடிச்சாந்து பெட்டியில போடறேன் மாமா" என்று ஒரு பையன் வருவான். தைரியத்தைப் பாராட்டி அனுப்பிவிடுங்கள். பாறையில் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கட்டுவதில் அது மகேந்திரவர்மனுக்கு மூத்தது. வெட்டவெளியில் கட்டும், பருவத்துக்கு இடம் மாறும், பெட்டியில் தங்காது. பெட்டிக்கு உரியது பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. பெட்டியும் நம் பக்கத்துச் சரக்குதான்: திருச்சி புனித வளனார் கல்லூரியிலிருந்த நியூட்டன் பாதிரியார் 1910 வாக்கில் இந்தச் சிறிய தேனீக்கு அளவெடுத்துச் செய்தது. கூட்டத்தோடு வாங்க வேண்டுமென்றால் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் கிராமத்தாருக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் அங்கே வேரூன்றிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னாட்டுக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. அதன்பிறகும் பெட்டியைத் திரும்ப அடுக்கிவைத்தவர்கள் மார்த்தாண்டத்துக்காரர்கள்.

பெட்டியின் நான்கு காலுக்கும் நான்கு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள், எறும்பு ஏறாமலிருக்க. வையுங்கள். அதை உங்கள் கோழி குடித்துத் தீர்க்கும். தேனீயோ கோழி குடிக்கும் தட்டில் போய் விழுந்து மிதக்கும். தேனீக்குத் தனித் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைப்பதும், எறும்புக் கிண்ணத்தைச் செங்கல்லால் மறைப்பதும் ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு புரியும். மற்றபடி இரண்டுக்கும் பெரிய விரோதமில்லை. பெட்டியடியில் விழுகிற செத்த தேனீயையும், நீங்கள் சுரண்டிப் போடும் மெழுகுப் புழுவையும் கோழி பொறுக்கித் தின்றுவிடும். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பறக்கிற தேனீயையே பிடிக்கும். அவற்றிடம் யாராலும் பேச முடியாது.

பெட்டியைத் திறக்கும் நாளில் சென்ட் பூசி வருகிறவரை முன்வரிசையில் நிறுத்துங்கள். வாழைப்பழம் தின்றுகொண்டு வருகிறவர் இன்னும் பொருத்தம். கொட்டும்போது தேனீ விடும் அபாய வாசனையில் வாழைப்பழ மணம் தரும் வேதிப்பொருளே இருக்கிறது. ஒன்று கொட்டினால் மற்றவை அந்த வாசனையைத் தேடி வரும். கொடுக்கை விரலால் கிள்ளக் கூடாது, நகத்தால் சட்டென்று வழித்தெறிய வேண்டும் என்று அவர் ஓடும்போதே பின்னாலிருந்து கத்துங்கள்.

தேனை எப்போது எடுப்பது? அடையில் முக்கால் பங்கு மெழுகால் மூடியிருந்தால். அதற்குமுன் எடுத்தால் ஈரம் அதிகமிருந்து புளித்துவிடும். ஆனால் வீட்டில் விருந்தாளி வருகிற நாளைக்குத் தேனீ மூடுவதில்லை. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். எடுத்ததும் ஊர் ஆய்வகம் கூடும். ஒருவர் தண்ணீரில் சொட்டு விடுவார். ஒருவர் தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவார். ஒருவர் நாயைக் கூப்பிடுவார், நல்ல தேனை நாய் நக்காதாம். நாய் நக்கும். இவை எதுவும் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தபோது, சட்டப்படியான பரிசோதனைகளையே ஏமாற்றும் சர்க்கரைப் பாகு சந்தையில் ஓடுவது தெரிந்தது. அதன் முன்னால் நம் தீக்குச்சி எந்த மூலைக்கு? மார்கழியில் தேன் உறைந்தால், "பாத்தியா, சீனிதான்" என்று அதே ஆய்வகம் தீர்ப்பு எழுதும். நல்ல தேனும் உறையும் என்று நீங்கள் சொல்வதைக் கேட்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். பாட்டிலில் பாதி வீடு வீடாகப் போயிருக்கும்.

ஒருநாள் கூட்டமே பறந்துவிடும். பூவில்லாத மாதத்தில் ஒன்றுக்கு ஒன்று சர்க்கரைத் தண்ணீர் வைக்காதவர் பெட்டியில் இது நிச்சயம். வைத்தவர் பெட்டியிலும் நடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவதில் இந்தியத் தேனீக்கு நல்ல பேர். பெரும்பாலும் அதிக தூரம் போகாது, எதிர்வீட்டு முருங்கையில் தொங்கும். சாயங்காலம் வரைக்கும் பொறுத்து, வலைப்பையும் ஏணியும் எடுத்துக்கொண்டு போங்கள். போகுமுன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். என் மரத்தில் வந்தது என் தேனீ என்று அவர் தொடங்குவார். பேரம் பேசாதீர்கள். உங்கள் தேனில் பாதி அவர் முருங்கைப் பூவிலும் மற்றவர் புளியிலும் புங்கிலும் எடுத்ததுதான். இதுவரை ஒருவரும் பங்கு கேட்கவில்லை. ஒரு பாட்டிலுக்கு ஒத்துக்கொண்டு, ஏணியைப் பிடிக்க அவரையே கூப்பிடுங்கள். பிடித்துக்கொண்டே, வலைப்பையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தருவார்.