தூரன் எந்த ஊர்ப் பெயர்?

கேள்வி: பெரியசாமித் தூரன் என்பதில் 'தூரன்' புனைபெயரா? எங்கள் பக்கம் யாருக்கும் அப்படி ஒரு பின்பெயர் இல்லையே!
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: புனைபெயர் இல்லைங்க, கூட்டப் பெயர். கொங்கு வேளாளரில் ஆந்தை, காடை, பயிரன் என்று எத்தனையோ கூட்டங்கள். அதில் ஒன்று தூரன். உங்கள் தெருவிலேயே தூரன் கூட்டத்தார் இருக்கலாம். சான்றிதழில் இன்ஷியல் மட்டும் இருப்பதால் தெரியாது. குலதெய்வம் கோயிலிலும் சம்பந்தம் பேசும்போதும்தான் கூட்டம் வெளியே வரும். ஒரே கூட்டமென்றால் பங்காளி. ஜாதகம் பார்க்கும் செலவே மிச்சம்! ஒரு கூட்டம் எங்கெல்லாம் பரவியது என்றறிய, அவர்களின் காணியூர் (பூர்விக ஊர்) கோயில்களைத் தேடிப் போங்கள். நம் பெரியசாமித் தூரனோ மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்து, தமிழின் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியரானார். கூட்டப் பெயரும் கூடவே நூலகமெங்கும் குடியேறிவிட்டது.