பூச்சி ஐயங்காரும் நாலரைக் கட்டையும்

சர்க்கார் உத்தியோகஸ்தரை மிரட்ட ஒரே வாக்கியம் போதும்: "ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிடுவேன்!" தண்ணியில்லாக் காடு என்று பேர் எடுத்த சீமை அது. ஆனால் அங்கே மழைக்குத்தான் பஞ்சம், வித்துவான்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் கஜானாவில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் கஜானாவில் பெரும்பாலும் காசு இல்லை.

இந்தக் கடற்கரைச் சீமைக்கும் பியானோவுக்கும் ஏழாம் பொருத்தம். 88 கட்டை, சுமார் 230 கம்பி, அதைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு பக்க உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும், மரத்தை உப்ப வைத்துவிடும். ஆனாலும் பியானோ படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஓர் உபகாரம் செய்திருக்கிறது. செய்தவருக்கே அது தெரியாது.

அவர் 1860-ல் ராமநாதபுரத்தில் பிறந்த சீனிவாச ஐயங்கார். அந்தக் காலத்தில் தெருவில் நின்று "சீனிவாச ஐயங்கார்!" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். "பூச்சி ஐயங்கார்" என்றால் ஒருத்தர்தான் திரும்புவார். அந்தப் பெயரே நிலைத்தது.

பூச்சி ஐயங்கார் பாட்டுப் படித்தது பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம். இன்று பியானோ படிக்கிற பிள்ளைக்கு டிரினிட்டி காலேஜ் பரீட்சை இருக்கிறது. ஒன்றிலிருந்து எட்டு வரை கிரேடு, ஒவ்வொன்றுக்கும் பீஸ். ஸ்கேல் வாசி, தாளைப் பார்த்து வாசி, காதால் கேட்டுச் சொல் என்று பரீட்சகர் உயிரை எடுத்துவிட்டு, கடைசியில் சர்ட்டிபிகேட் தருவார். குருகுலத்தில் பீஸ் கிடையாது. வேஷ்டி துவைப்பதும் தண்ணீர் இறைப்பதும்தான் பீஸ். பரீட்சகர் அதே வீட்டு ஊஞ்சலில் தினமும் உட்கார்ந்திருப்பார். சர்ட்டிபிகேட்டும் கிடையாது. குரு திட்டுவதை நிறுத்திவிட்டால் பாஸ்.

பாடத்திட்டம் என்னவோ ஒன்றுதான். பிரான்சில் ஹானோன் என்பவர் 1873-ல் அறுபது விரல் பயிற்சிகளைப் புத்தகமாகப் போட்டார். நம்மூரில் அதற்குப் பல தலைமுறை முன்பே சரளி வரிசை, ஜண்டை வரிசை இருந்தது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: படிப்பவன் தேறுவதற்குள் அக்கம்பக்கத்தார் வீடு மாற்றிவிட வேண்டும்.

குருநாதர் லேசுப்பட்டவர் இல்லை. சென்னையில் குடியிருந்ததால் 'பட்டணம்' ஆனவர். அங்கே வெள்ளைக்காரன் பேண்டு காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் உண்டாக்கிய கதனகுதூகல ராகத்தின் ஆரோகணத்தைப் பாருங்கள்: ச ரி ம த நி க ப ச. ஸ்வரங்கள் வரிசையாகப் படியேறாமல் பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி கட்டம் தாண்டித் தாண்டிக் குதிக்கின்றன. அதில் அவர் போட்ட 'ரகுவம்ச சுதா'வை இன்றைக்கும் மேடையில் வாத்தியக்காரர்கள் 'வெஸ்டர்ன்' துள்ளலோடுதான் வாசிக்கிறார்கள். பியானோவில் ஒரு கட்டை சுருதியில், அதாவது 'சி'யில் ச வைத்தால், முழு ராகமும் வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும்.

வெள்ளையெல்லாம் குரு எடுத்துக்கொண்டார். சிஷ்யனுக்கு மிச்சம்?

பூச்சி ஐயங்கார் மோகனத்தில் போட்ட 'நின்னுகோரி' வர்ணம் இருக்கிறதே, அதைப் பாடாமல் தமிழ்நாட்டில் யாரும் பாட்டுப் படித்து முடித்ததில்லை. இப்போது பியானோவில் நாலரைக் கட்டையில், அதாவது எஃப் ஷார்ப்பில் ச வைத்துக்கொண்டு, வெள்ளைப் பக்கமே விரல் போகாமல் கறுப்பில் மட்டும் ஏறி இறங்குங்கள். ச ரி க ப த ச. அச்சு அசல் மோகனம். பியானோ வாத்தியார் முதல் நாள் பிள்ளையை அழவிடாமல் வைத்திருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. எந்தக் கறுப்பைத் தட்டினாலும் அபஸ்வரம் வராது.

பூச்சி ஐயங்கார் இதைக் கேட்டிருந்தால் தொடையில் தட்டிய தாளத்தை நிறுத்தியிருப்பார் என்பது வேறு விஷயம். பியானோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிவைத்திருக்கிறது. தம்புராவில் தானாகக் கேட்கிற காந்தாரத்தைவிட அதன் காந்தாரம் ஒரு பொட்டு உயரம். கமகம் கேட்டால் கையை விரித்துவிடும். சுத்தியல் ஒரு தட்டு தட்டிவிட்டு விலகிவிடும், அவ்வளவுதான்.

பூச்சி ஐயங்காரின் சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் கச்சேரி என்றால் வர்ணத்தில் ஆரம்பி என்று வழக்கத்தை நிலைநாட்டினார். அப்புறம் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, டிரினிட்டி பரீட்சையும் எழுதிய பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர், 1988-ல் 'அக்னி நட்சத்திரம்' படத்துக்காக இதே வர்ணத்தின் எடுப்பைத் தூக்கி, அடியில் பேஸும் கார்டும் விரித்து, சித்ராவைப் பாட வைத்தார். ராமநாதபுரத்து வர்ணம் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. பூச்சி ஐயங்கார் காலமாகி அப்போது 69 வருஷம். ராயல்டி கேட்க ஆளில்லை.

இதே கறுப்புக் கட்டை யோசனை 1830-ல் போலந்துக்காரர் ஷோப்பானுக்கும் வந்தது. 'பிளாக் கீ எட்யூட்' என்று பியானோ மாணவர்கள் நடுங்குகிற உருப்படி. அதுவும் நம் நாலரைக் கட்டை சுருதிதான். வலது கை முழுக்கக் கறுப்பிலேயே ஓடுகிறது. முடிவை நெருங்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரல் வெள்ளையைத் தொடுகிறது. நம் கணக்கில் அது காகலி நிஷாதம். மோகனத்தில் நிஷாதத்துக்கு வேலையே கிடையாது. உலகம் அதை மேதைமை என்கிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் வீட்டு ஊஞ்சலுக்கு முன்னால் அப்படி வாசித்திருந்தால், ஷோப்பான் சரளி வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும்.