சிரித்தாரே, அது போதாதா?

பாட்டு வராதவனுக்குக் கால்பந்து ஒரு வரப்பிரசாதம். ஊரில் மார்கழி பஜனையில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்து, "நீ தாளத்தை மட்டும் பாத்துக்கோப்பா" என்றார்கள். கொஞ்ச நாளில் ஜால்ராவையும் வாங்கிக்கொண்டார்கள். வேலைக்காக மான்செஸ்டர் வந்த பிறகுதான், சுருதியே கேட்காத கச்சேரி ஒன்று வாராவாரம் நடப்பது தெரிந்தது. மைதானத்துக்குள் போகும் யோகம் அபூர்வமாகத்தான் வாய்க்கும். பப்பில் பெரிய திரைக்கு எதிரே நின்று கத்தினாலும், பெயர் தெரியாத பக்கத்து ஆள் தோளில் கை போட்டுக்கொள்வார். வந்த புதிதில் அந்தக் கைக்காக நான் எதை வேண்டுமானாலும் பாடியிருப்பேன். பாடவும் பாடினேன்.

முதலில் மனப்பாடமானது பார்க் ஜி-சுங் பாட்டு. தென்கொரியர். 2005-இல் பிஎஸ்வி ஐந்தோவனிலிருந்து மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்து 2012 வரை ஆடியவர். மூன்று நுரையீரல்காரர் என்றே அவருக்குப் பெயர், அப்படி ஓடுவார். பிஎஸ்வி ரசிகர்கள் அவருக்குக் கட்டிய பாட்டில் அவர் பெயரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்கள் பாட்டில் விஷயம் உண்டு. நீ எங்கே இருந்தாலும் உன் நாட்டில் நாய் தின்கிறவன்தான், ஆனாலும் பரவாயில்லை, லிவர்பூல்காரனாகப் பிறந்து அரசாங்கக் குடியிருப்பில் எலி தின்றிருந்தால் இன்னும் கேவலம் என்று போகும். 'லார்ட் ஆஃப் த டான்ஸ்' என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டு. என் தொண்டைக்கே பிடிபடுகிற மெட்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது தப்பில்லையா என்று யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தேன். இது அன்பு. சொந்த ஆட்டக்காரரைச் செல்லமாகச் சீண்டுகிறோம். உண்மையான அடி லிவர்பூலுக்குத்தான், பார்க் வெறும் சாக்கு. இதெல்லாம் எடுபடாவிட்டால் கடைசி ஆதாரத்தை எடுப்பேன்: பார்க்கே சிரிக்கிறாரே! அவருக்கே வலிக்கவில்லை, உனக்கென்ன?

அலுவலகத்தில் இரண்டாவது ஆதாரமும் கிடைத்தது. எங்கள் குழுவில் ஒரு கொரியர் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். அவரைக் கலகலப்பாக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்டு, மதிய உணவு மேஜையில் அந்தப் பாட்டை முழுசாகப் பாடிக் காட்டினேன். மனிதர் புன்னகைத்தார். "நல்ல ஞாபகசக்தி உங்களுக்கு" என்றார். இரண்டு கொரியர்கள், இரண்டு சிரிப்புகள். வழக்கு முடிந்தது என்று தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

ஜெர்மானியர் விஷயத்தில் எனக்கு இன்னும் தைரியம். பத்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் ஒவ்வொன்றாக விழுவதாக ஒரு பாட்டு உண்டு. பத்திலிருந்து பூஜ்யம் வரை கீழ்நோக்கி எண்ணவேண்டும், அவ்வளவுதான் இலக்கியம். 2017-இல் டார்ட்மண்டில் நடந்த நட்பு ஆட்டத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் போர்க்காலத்தை இழுத்துப் பாடியதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே கண்டித்தது. நான் அசைந்தேனா? 2021 ஜூன் 29 அன்று வெம்ப்ளியில் ஜெர்மனியை இங்கிலாந்து 2-0 என்று அடித்த இரவில் நானும் எண்ணினேன். "இந்தச் சண்டையில உனக்கென்னடா?" என்றான் உடன் வந்த நண்பன், மதுரைக்காரன். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக் கடலில் நின்று எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதே, நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்றேன். "டேய், குண்டு போட்டவன் பேரையே கெட்டிக்காரனுக்குப் பட்டமா வச்ச ஊருடா அது" என்றான். அப்போது நான் நாலா ஐந்தா என்று எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தேன். பதில் சொல்ல நேரமில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் என் முதல் ஆதாரம் ஆட்டம் கண்டது. வுல்வ்ஸ் அணி தன் மைதானத்தில் புதிதாக எடுத்த ஆட்டக்காரரை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஹ்வாங் ஹீ-சான், அவரும் கொரியர். அன்று எதிரே யுனைடெட். அங்கே வந்திருந்த எங்கள் ஆட்கள் எடுத்தார்களே பாட்டு, அதே பார்க் பாட்டு! பார்க் விளையாட்டை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. இவர் எங்கள் ஆளும் இல்லை, இவர்மேல் எங்களுக்குச் செல்லமும் இல்லை. அன்பைக் கழித்துவிட்டால் பாட்டில் மிச்சம் இருப்பது நாய் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்டோபரில் யுனைடெடின் பாட்காஸ்டிலேயே பார்க் பேசினார். முதலில் தனக்கென்று ஒரு பாட்டு கிடைத்ததில் பெருமைதான் பட்டாராம். அந்த நாய் வரி மட்டும் சங்கடப்படுத்தியதாம். வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம், இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாராம். ஹ்வாங்குக்கு நடந்ததைக் கண்டு வருந்தி, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றார்.

வாய்விட்டுச் சொன்ன பிறகாவது நான் திருந்தியிருக்கவேண்டும். முதலில் எனக்கு வந்தது கோபம். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது சொன்னால் எப்படி என்று, ஏதோ அவர் எனக்குத் தவணை பாக்கி வைத்ததுபோல.

அந்தக் கோபம் வடிந்த இடம் ஒரு டிராம் நிறுத்தம். ஆட்டம் முடிந்து தனியாக நின்றிருந்தேன். எதிரணிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்து ஒரு பாட்டை எடுத்தார்கள். பாகிஸ்தான் பெயரைப் பாதியில் வெட்டி, எங்கள் துணைக்கண்டத்தையே அதில் அடைக்கும் அந்த வசைச்சொல் அதில் திரும்பத் திரும்ப வந்தது. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? "மன்னிக்கவும், நான் இந்தியன்" என்றேன். பாஸ்போர்ட்டில் பிழை திருத்தம்! மன்னிக்கவும் வேறு! அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிராம் வர நேரம் இருந்தது. வேறென்ன செய்யமுடியும்? தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், அந்த இந்தியருக்கே வலிக்கவில்லை, உனக்கென்ன என்று தாராளமாக வாதாடியிருக்கலாம்.

அன்றிரவு தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடினேன். 1991-ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றச் சட்டம், இனத்தையும் நிறத்தையும் மட்டுமல்ல, நாட்டையும் குடியுரிமையையும் வைத்து இழிவுபடுத்தும் முழக்கத்தையும் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. போர்ட் வேல், ஓல்டம் அணிகளின் ஆட்டத்தில், உங்கள் ஊர் முழுக்க இவர்கள்தான் என்று அதே வசைச்சொல்லைப் போட்டுப் பாடிய ஒருவரைக் கீழ்க்கோர்ட் விட்டுவிட்டது. 2003-இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, குற்றம்தான் என்றது. இன்னொரு சுவாரஸ்யம்: முதலில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பாடினால்தான் அந்தச் சட்டம் பாயும். தனி ஆளாகக் கத்தினாலும் குற்றம் என்று 1999-இல் திருத்தினார்கள். உதட்டை மட்டும் அசைப்பவனுக்கு இன்னும் பிரிவு எழுதவில்லை.

அந்தச் சந்தில்தான் நான் குடியேறினேன். பப்பில் பார்க் பாட்டு கிளம்பினால் பாடமாட்டேன், நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். தோளில் விழுந்த கை விலகாது, மனசாட்சிக்கும் கணக்குச் சொல்லலாம். 2024 ஜனவரியில் தென்கொரிய நாடாளுமன்றம் நாய் இறைச்சி வியாபாரத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2027-இல் அமலுக்கு வருகிறது. பாட்டே காலாவதியாகிவிடும், நாம் மெனக்கெட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாட்டின் பார்லிமெண்ட் வந்து என் சங்கடத்தைத் தீர்க்கட்டும் என்று காத்திருந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

எல்லாக் கேலியும் விஷம் என்று சொல்ல வரவில்லை. ஆபர்டீன் ரசிகர்களை ஆட்டோடு சேர்த்து மற்றவர்கள் எழுதக் கூசுகிற மாதிரி பாடுவார்கள். ஆபர்டீன்காரர்கள் அதையே பிடுங்கித் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் ஊரில் நின்றுகொண்டு செய்தது அது. எழுபதாயிரம் பேர் நிறைந்த மைதானத்தில் பார்க் ஒற்றைக் கொரியர். இரண்டும் ஒன்றா? இத்தனை தெளிவாக இருக்கிறேனே, இதைப் பப்பில் வாய்திறந்து சொன்னேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெளியே சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் வாட்ஸ்அப்பில். 2024 ஜூலையில் கோபா அமெரிக்காவை வென்ற அர்ஜென்டினா வீரர்கள் பேருந்தில் பாடியதை என்சோ பெர்னாண்டஸ் நேரலையில் விட்டாரே, பிரெஞ்சு வீரர்களெல்லாம் காகிதத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் என்று பொருள்படும் பாட்டு, அதைக் கேட்டுப் பொங்கிவிட்டேன். அவரோடு செல்சியில் ஆடும் வெஸ்லி ஃபோஃபானாவே அதை இனவெறி என்று கண்டித்திருந்தார். பெர்னாண்டஸ் மன்னிப்பும் கேட்டார். நான் கல்லூரி நண்பர்கள் குழுவில் நீளமாக எழுதினேன். பிரெஞ்சு வீரர் எம்பாப்பே பாரிஸில் பிறந்தவர், குடும்ப வேர்கள் காமரூனிலும் அல்ஜீரியாவிலும் இருக்க, பாட்டில் அம்மாவை நைஜீரியர் என்கிறார்கள், தகவலே தப்பு என்று ஆதாரத்தோடு நிறுவினேன். வசவிலும் பூகோளப் பிழை பொறுக்கிற புத்தி டிராம் நிறுத்தத்தோடு போகவில்லை. ஐந்து நிமிடத்தில் மதுரைக்காரன் ஒரு பழைய வீடியோவைப் போட்டான். அதில் கண்ணை மூடிக்கொண்டு பார்க் பாட்டைப் பாடுவது நான். "மாப்ளே, சுருதி இன்னும் சேரலை" என்று கீழே ஒரு வரி. பதிவை அழித்தேன். வீடியோவை எல்லாரும் அதற்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு வேகத்தில் அந்தக் கொரிய நண்பரிடமே போய்க் கேட்டேன். வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தார். காபிக்கு வரச் சொன்னேன். அன்றைக்கு நான் பாடியது உங்களைப் புண்படுத்தியதா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நாய் விஷயம் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகியது. எலிதான் கஷ்டமாக இருந்தது, நான் லிவர்பூல் ரசிகன்" என்றார். அப்பாடா என்று சிரித்தேன். "அப்படியானால் ஏன் சிரித்தீர்கள்?"

"அது அப்ரைசல் மாதம். நீங்கள்தான் என் டீம் லீட்."

வீட்டுக்கு வந்து அந்த வருடத்து அப்ரைசலைத் தேடி எடுத்தேன். நல்ல மதிப்பெண்தான் போட்டிருந்தேன். கடைசிப் பத்தியில், குழுவோடு இயல்பாகக் கலந்துவிடுகிறார், நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று என் கைப்பட எழுதியிருந்தேன்.